சொட்டும் இடமும் கசியும் இடமும்

எல்லாக் குழாயையும் இறுக மூடிய பிறகும் பம்பு அவ்வப்போது ‘டுர்ர்’ என்று ஓடி நின்றால், தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மெல்லப் போகிறது. நிமிடத்துக்கு இரண்டு முறை என்றால் காலடிப் பலகைக்குக் கீழே ஏற்கெனவே தேங்கி நிற்கும். படப்பிடிப்புக்கு வரும் கேரவனுக்குள் ஹீட்டரும் பாட்டும் பேச்சுமாக இருக்கும் நேரத்தில் இந்தச் சத்தம் யார் காதிலும் விழாது. பம்பு பேட்டரியில் ஓடுவது. ஜெனரேட்டர் நின்றாலும் அது நிற்காது. நடிகர்களும் உதவியாளர்களும் ஊட்டி ஓட்டலுக்குப் போய், ஜெனரேட்டரையும் அணைத்து, கேத்தியின் சரிவில் வண்டி மட்டும் நிற்கும்போதுதான் அது கேட்கும். அதனால்தான் டிரைவர்கள் கூப்பிட்டால், இருட்டிய பிறகு வருகிறேன் என்பேன்.

கேத்தியில் பிளம்பிங் செய்கிறவனுக்குக் கேரவன் வேலை அன்றாடம் வருவதில்லை. சோறு போடுவது வீட்டு வேலைதான். ஊற்றுக்கண்ணிலிருந்து சரிவில் இறங்கி வரும் கறுப்பு ஓஸ், சின்டெக்ஸ் தொட்டியின் பால் வால்வு, பழைய பங்களாக்களில் துருவேறிய ஜிஐ பைப். ஆனால் குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் திறக்கிறதே, அதற்காகப் படக்காரர்கள் விடாமல் வருகிறார்கள். எங்கள் ரயில் நிலையமும் சினிமா பார்த்ததுதான். 1982இல் வந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யின் முடிவுக் காட்சி எடுத்தது கேத்தி நிலையத்தில். இன்றும் ரயிலில் வருகிறவர்கள் வண்டி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் இறங்கி நடைமேடையைப் படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது படப்பிடிப்புக்குக் கேரவன் என்று எதுவும் வந்ததில்லை. உடை மாற்ற, முகம் கழுவ, ஒதுங்க, பக்கத்து வீடுகளில்தான் கேட்பார்கள். அம்மா விறகடுப்பில் அண்டாவை ஏற்றி வெந்நீர் போட்டுக் கொடுப்பாள். கொடுத்த தண்ணீர் எவ்வளவு, அதற்காக எத்தனை குடம் ஊற்றிலிருந்து ஏறி வந்தது என்பதெல்லாம் அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். வந்தவர்களுக்கும் தெரியும், குடத்தைத் தூக்கி வருகிறவளைக் கண்ணெதிரே பார்த்தார்களே. குழாயைத் திறந்தால் கொட்டுகிற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மார்ச், ஏப்ரலில் ஊருக்குள் குடிதண்ணீர் முறை வைத்து வருகிறபோது, டேங்கரில் வாங்கி நிரப்பிய ஆயிரம் லிட்டர் ஒரே இரவில் மண்ணில் இறங்கிப் போனால் எனக்கு வயிறு எரியும்.

அப்படி இறங்கிப் போன ஒரு வண்டியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். டிரைவர் சென்னைப் பையன். “அண்ணே, வேஸ்ட் டேங்க் ஓட்டைண்ணே. ரெண்டு வாட்டி எம்-சீல் போட்டுட்டேன். நிக்கவே மாட்டேங்குது” என்றான். இடதுபுறப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்து மண் சேறாகியிருந்தது. சரியாக அதற்கு மேலேதான் கழிவுநீர்த் தொட்டி. வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் வண்டி நின்றது சரிவில். இடதுபுறப் பின்மூலைதான் மொத்த வண்டியிலும் தாழ்ந்த இடம். சமவெளியில் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பார்ப்பதில் ஓரளவு அர்த்தம் உண்டு. மலையில் எங்கே கசிந்தாலும் தண்ணீர் சேஸிஸைப் பிடித்துக்கொண்டே தாழ்ந்த மூலைக்கு வந்துதான் விழும். வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வலதுபுற முன்பக்கம் சொட்டத் தொடங்கியது. பையன் என் முகத்தையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சொட்டும் இடத்தை நம்பாதே என்பது அப்பாவின் பாடம். குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரை வந்து, 1908இல் ஊட்டியைத் தொட்ட பாதை எங்கள் மலை ரயில். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரப் பாதை தொடங்கிவிடும். மிகக் கடுமையான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஊரில் செய்த எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள், பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவ், ரன்னிமேடு என்று நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் மேலே வர வேண்டும். அந்த என்ஜின்களின் வயிற்றைத் திறந்து பார்த்து மூடுவது அப்பாவின் பிழைப்பு. பின்னாளில் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிய எக்ஸ் என்ஜின்கள் செய்கிறார்கள் என்று செய்தி வந்தபோது, சொந்தப் பேத்திக்குக் கல்யாணம் ஆனதுபோல அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர்.

நீராவி என்ஜினின் நெருப்பறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான இரும்புக் கம்பிகள் இருக்கும். ‘ஸ்டே’ என்பார்கள். இரண்டு சுவர்களையும் அவைதான் பிடித்து நிறுத்துகின்றன. நடுவில் நிற்பது கொதிக்கும் தண்ணீர். ஒரு கம்பி உள்ளுக்குள் அறுந்தால் வெளியே தெரியாது. பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும், பிறகு அவையும் அறும். அதனால் கம்பியின் வெளிமுனையிலிருந்து உள்ளே மெல்லிய துளை ஒன்று போட்டு வைப்பார்கள். கம்பி விரிசல் கண்டால் தண்ணீர் அந்தத் துளைக்குள் புகுந்து வெளியே சீறும். அறுந்தது எந்தக் கம்பி என்று அந்த நொடியே தெரிந்துவிடும். கசிவதற்கென்றே வைத்த வழி அது. அப்பா சாதுவான மனிதர். ஆனால் “ஒழுகுதுன்னு அந்தத் துளையை அடைக்கிறவன் கையை ஒடிக்கணும்டா” என்று சொல்லும்போது குரல் மாறிவிடும்.

அந்த இரவில் அது நினைவுக்கு வரக் காரணம் இருந்தது. அதற்குமுன் பம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

குழாய்கள் மூடியிருக்கும்போது பம்பு ஓடினால் கசிவு அழுத்தம் இருக்கும் பக்கம், அதாவது பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிறது. அல்லது பம்புக்குள் இருக்கும் திரும்பா வால்வில் மணல் சிக்கித் தண்ணீர் தொட்டிக்கே திரும்புகிறது. பம்பு சும்மா இருக்கிறது, தொட்டி மட்டும் குறைகிறது என்றால் தொட்டியையோ அதன் அடிக்குழாயையோ பார்க்க வேண்டும். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் உறிஞ்சு குழாயில் சிறு விரிசல் என்றால் பெரும்பாலும் வெளியே சொட்டவே சொட்டாது. காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும், குழாயைத் திறந்தால் ‘புஸ் புஸ்’ என்று துப்பும். குளித்தால் மட்டும், கை கழுவினால் மட்டும் ஒழுகுகிறது என்றால் அது கழிவுக் குழாய். மழையில் மட்டும் நனைகிறது என்றால் கூரைத் தையல். பிளம்பருக்கு அங்கே வேலையில்லை. இவ்வளவையும் ஒரு ஸ்பேனர்கூட எடுக்காமல், ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டே சொல்லிவிடலாம். கையில் எம்-சீல் இருப்பவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

பையனின் வண்டியில் பம்பு அடித்துக்கொண்டே இருந்தது. ஆகவே கழிவுத் தொட்டி குற்றமற்றது. அவன் நம்பவில்லை. கேத்தி பாலாடாப் பக்கம் கேரட்டும் பீட்ரூட்டும் விளையாத வீடு குறைவு. ஒரு பீட்ரூட்டைச் சீவிக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கை கழுவும் தொட்டியில் ஊற்றினேன். கழிவுத் தொட்டிக்குள் சிவப்பாகப் போய்ச் சேர்ந்தது. வெளியே விழுந்த சொட்டு வெள்ளையாகவே இருந்தது. பிறகுதான் அவன் எம்-சீல் டப்பாவைக் கீழே வைத்தான்.

அடுத்து கீஸரின் குளிர்நீர் வால்வை மூடினேன். பம்பு அடிப்பது நின்றது. கசிவு வெந்நீர்ப் பாதையில். குழாய்களையெல்லாம் துணியால் துடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் சுற்றி, வால்வைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனோம். மூடுபனி இறங்கியிருந்தது. பனி நாளில் இந்தத் துடைக்கும் வேலையைச் சரியாகச் செய்ய வேண்டும். வண்டிக்குள் ஆட்கள் விட்ட மூச்சும் குளித்த ஆவியும் குளிர்ந்த குழாயில் பட்டு வியர்க்கும். அதைக் கசிவென்று நினைத்து நல்ல இணைப்பைக் கழற்றியவர்கள் உண்டு. வியர்வை குழாய் நெடுகச் சமமாகப் பூக்கும். கசிவு ஓரிடத்திலிருந்து புறப்படும்.

டீக்கடையில் பையன் வடபழனியைப் பற்றிப் பேசினான். நான் பனியைப் பற்றிப் பேசியிருப்பேன். டிசம்பரிலும் ஜனவரியிலும் இங்கே வேறு பேச்சு இல்லை. மேகமில்லாத இரவில் குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் காலையில் பள்ளத்தில்தான் புல் வெள்ளையாகக் கிடக்கும். மேட்டில் அவ்வளவு இருக்காது. தேயிலைச் செடிகளைத் தாகைச் செடி போட்டு மூடுவதும் அதற்குத்தான். வண்டியை மேட்டில் நிறுத்தச் சொல்வதற்கும் அதுவே காரணம். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும். மூடிய குழாய்க்குள் அந்தப் பெருக்கத்துக்கு இடமில்லை. உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெயில் ஏறி உருகியதும் ஷவர் மிக்சர்தான் முதலில் போகும். தொட்டியைக் காலி செய்துவிட்டேன் என்று டிரைவர் சத்தியம் செய்வார், அது உண்மையாகவும் இருக்கும். மிக்சரின் பிடி ஒரு பக்கம் மூடியிருந்ததால் அதற்குள் ஒரு மடக்குத் தண்ணீர் நின்றிருக்கும். பனி இரவில் எல்லாக் குழாயையும் திறந்து, மிக்சரின் பிடியை நடுவில் வைத்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் வடியட்டும்.

இப்போது வாடகை கேரவனில் குடும்பத்தோடு வருகிறவர்களும் உண்டு. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்த பிறகு அந்தப் பக்கத்து வண்டிகளையும் பார்க்கிறேன். ஐரோப்பாவில் இது பழைய பழக்கம். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1885இலேயே சுற்றிப் பார்ப்பதற்கென்று குதிரை வண்டி வீடு ஒன்றைச் செய்வித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குளிர்நாட்டுக்காரர்களாதலால் அவர்களுடைய வண்டிகளில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஹீட்டருக்குப் பக்கத்தில் வெப்பநிலை மூன்று நான்கு டிகிரிக்கு இறங்கினால், ஒரு வால்வு தானாகத் திறந்து ஹீட்டர் தண்ணீர் முழுவதையும் கீழே விட்டுவிடும். அப்படிப்பட்ட வண்டியில் வந்த ஒரு குடும்பம், ராத்திரி யாரோ தண்ணீரைத் திருடிவிட்டார்கள் என்று காலையில் நின்றது. தண்ணீர் போன வால்வுத் துளையைக் காட்டியதும், அதை ஆணி வைத்து அடைத்துவிடலாமா என்று கேட்டார் அவர்களில் பெரியவர். “வேண்டாம் சார், அது உங்க ஹீட்டரைக் காப்பாத்தியிருக்கு” என்று உட்கார்ந்து விளக்கினேன். நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கீஸருக்குப் பின்னால் இருந்த எல்போவின் காகிதம் மட்டும் கூழாகியிருந்தது. சிபிவிசி எல்போ, கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை விரிசல். அதிலிருந்து வழிந்த தண்ணீர் சுவர்ப் பலகையின் உட்பக்கமாக இறங்கி, தரைக்கடியில் வயர் போகும் பள்ளத்தில் ஓடி, வண்டியின் முழு நீளத்தையும் கடந்து பின்சக்கரத்தருகே விழுந்திருக்கிறது. வழியில் தரைப் பிளைவுட்டை நனைத்து ஊறவைத்துவிட்டது. விரலால் அழுத்தினால் அமுங்கியது. புது எல்போ போட்டால் வேலை முடிந்தது. ஆனால் நல்ல எல்போ ஏன் விரிந்தது?

கீஸரின் தலையில் ரிலீஃப் வால்வு ஒன்று இருக்கும். தண்ணீர் சூடானால் பெருக்கும். கேத்தியின் 15 டிகிரித் தண்ணீரை 65 டிகிரிக்குக் காய்ச்சினால் 25 லிட்டர் கீஸரில் கிட்டத்தட்ட அரை லிட்டர் கூடுதலாகும். பின்னால் போகத் திரும்பா வால்வு விடாது, முன்னால் குழாய் மூடியிருக்கிறது. அந்த அரை லிட்டர் வெளியேறத்தான் ரிலீஃப் வால்வு. காய்ச்சும்போது சொட்டுவது அதன் வேலை. அந்த வண்டியில் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகி, சுற்றி டெஃப்லான் டேப்பும் அடைத்து வைத்திருந்தது. எப்போது, யார் என்று பையனுக்குத் தெரியவில்லை. அவன் வண்டியை ஏற்றுக்கொண்டபோதே அப்படித்தான் இருந்ததாம். கால் நனைகிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், யாரோ அடைத்திருப்பார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை வெந்நீர் போடும்போதும் அந்த அழுத்தம் முழுவதையும் குழாய்களும் கீஸரும் தாங்கிவந்தன. கடைசியில் எல்போ கொடுத்துவிட்டது. எல்போ கொடுக்காமல் கீஸர் கொடுத்திருந்தால், உள்ளே குளித்துக்கொண்டிருப்பவரின் கதி என்னவாகியிருக்கும்? அப்பாவின் குரல் எனக்கு அங்கேதான் கேட்டது.

மூடியைக் கழற்றி, ரிலீஃப் வால்வின் வாயில் ஒரு சின்ன ஓஸ் போட்டு, சொட்டுவது டிரைவர் கண்ணில் படும்படி வண்டிக்கு வெளியே கொண்டுவந்து விட்டேன். “இது சொட்டினா சரி தம்பி. தண்ணி காயறப்ப சொட்டாம இருந்தா எனக்குப் போன் பண்ணு” என்றேன். பண்ணினான், வேறொரு ஊரிலிருந்து. சொட்டுவது நிற்கவே இல்லை, ஆறிய பிறகும் வருகிறது என்றான். வால்வு சீட்டில் உப்புப் படிந்திருக்கும், நெம்புகோலைத் தூக்கிக் கொஞ்சம் வேகமாகத் தண்ணீர் விடு என்றேன். சரியாகிவிட்டது என்று திரும்பப் பேசினான். இப்போது அவனே மற்ற வண்டிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.

அடைத்த வாய் என்றால் எனக்கு 2009 நினைவுக்கு வராமல் போகாது. அந்த நவம்பர் 10ஆம் தேதிக் கணக்கில், 24 மணி நேரத்தில் கேத்தியில் பெய்தது 82 சென்டிமீட்டர். தமிழ்நாட்டின் பல ஊர்களில் ஒரு வருடத்துக்கே அவ்வளவுதான் பெய்யும். மழை என்று சொல்ல முடியாது. வானத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. நீலகிரியில் 40க்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்கடியில் போனார்கள். சாலைகள் அறுந்தன, ரயில் பாதை தொங்கியது. மழை விட்ட பிறகு பைப் லைன்களைத் தேடிக்கொண்டு நடந்தபோது பார்த்தேன்: நின்ற தடுப்புச் சுவர்களும் உண்டு, விழுந்த தடுப்புச் சுவர்களும் உண்டு. அவ்வளவு மழைக்கு எந்தச் சுவரும் விழலாம். சரிவு, மண், மேலே வெட்டிய வீட்டுமனை என்று காரணங்கள் பல. ஆனால் நின்ற சுவர்களில் பலவற்றின் முகத்தில் பைப் துண்டுகள் வழியே சேற்றுநீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. விழுந்து கிடந்த ஒரு சுவரின் துண்டுகளைப் புரட்டினால் அதே துளைகள், அழகாகச் சிமெண்ட் பூசி அடைத்து, மேலே வர்ணமும் அடித்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் வழிந்து கறை பிடிக்கிறது என்று யாரோ சொல்லியிருப்பார்கள்.

மலைக்குள்ளும் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி வேறிடத்தில்தான் வெளிவருகிறது. மேலே காய்கறித் தோட்டத்தில் இறங்கியது கீழே யார் வீட்டுச் சமையலறைச் சுவரிலோ ஈரமாகப் பூக்கும். அந்த ஈரத்தைப் பார்த்து வாட்டர் புரூஃப் பெயிண்ட் வாங்க வருகிறவர்களிடம், மேலே ஏறி ஓடையைப் பாருங்கள், குப்பை அடைத்திருக்கும் என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் போய்ப் பார்க்கிறார்கள். மழைக்கு முன் ஓடையைத் தூர்வாருவதை ஊரே சேர்ந்து செய்த காலம் அப்பாவுக்குத் தெரியும். அது திரும்ப வர வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன்.

எங்கள் தெருவுக்குக் கீழே இப்போது புதிதாக ஒரு தடுப்புச் சுவர் எழும்புகிறது. பிவிசி பைப் துண்டுகளை வரிசையாக, சரியான இடைவெளியில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் எட்டிப் பார்த்தால் பின்பக்கம் கல் அடுக்கவில்லை, வெறும் மண்ணைத் தள்ளி நிரப்பத் தயாராக இருக்கிறார்கள். ஜல்லியும் கல்லும் இல்லாமல் மண்ணை நேராக முட்டவிட்டால், இரண்டே மழையில் அந்தத் துளைகளைச் சேறே அடைத்துவிடும். மேஸ்திரியிடம் சொன்னேன். “கல்லு லோடு நாளைக்கு வருதுண்ணா, அடுக்கிட்டுத்தான் மண்ணு தள்ளுவோம்” என்றார். நல்ல மனிதர், செய்வார் என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஜேசிபி காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடும் என்கிறார்கள். ஏழு மணிக்கே ஒரு நடை போய், கல் வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.